யூதப் பேய்க்கதை படித்தால் தீட்டா?

நேற்று சாயங்காலத்திலிருந்து நடக்கிற கூத்தை எல்லோரும் பார்த்தீர்கள், அதனால் முன்கதை ஒரே வரியில். எங்கள் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளின் கோடை வாசிப்புப் பட்டியலில் நான் சேர்த்திருந்த யூதப் பேய்க்கதை நாவலைத் தூக்கிவிட்டார்கள். "இந்த நேரத்தில் யூதப் புத்தகம் வேண்டாமே தோழர்" என்று ஒருவர் ஆரம்பித்தார், ஆளாளுக்கு வந்து இதயம் போட்டுவிட்டுப் போனார்கள். ராத்திரிக்குள் நான் இஸ்ரேல் அரசின் திருப்பூர் கிளை ஏஜென்ட் ஆகிவிட்டேன். சம்பளம் எப்போது வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லவும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நாடும் படையும் இல்லாத ஏழைச் சனம் தங்களுக்குள் சொல்லிவந்த பேய்க்கதைகளை, இன்று ஓர் அரசு போடும் குண்டுக்கு ஜவாப்தாரி ஆக்காதீர்கள். புத்தகத்தைத் திட்டியவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்தாவது பார்த்தீர்கள்?

திறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சாஷா லாம் எழுதி 2022-இல் வந்த 'வென் தி ஏஞ்சல்ஸ் லெஃப்ட் தி ஓல்ட் கன்ட்ரி'. தனியாக ஒரு பெயர்கூட இல்லாத அளவுக்குச் சின்ன யூதக் கிராமம். அங்கே ஜெபக்கூடத்தின் மூலையில் ஒரு தேவதையும் ஒரு பேயும் எதிரெதிரே உட்கார்ந்து நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களின் பழைய சமயச் சட்ட நூலான தால்முத்தைப் படித்துக்கொண்டிருக்கின்றன. இளசுகள் எல்லாம் யூதர்களைத் தாக்கும் கலவரத்துக்குப் பயந்தும் பிழைப்புத் தேடியும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறார்கள். அப்படிப் போன ஒரு பெண்ணிடமிருந்து தகவலே இல்லை. அவளைத் தேடி இந்த இரண்டும் கிளம்புகின்றன. தேவதைக்கு நிலையான பெயர் கிடையாது, பயணத்துக்குக் காகிதம் வேண்டுமே என்று ஒரு பெயரை வைத்துக்கொள்கிறது. ஆதார் கார்டில் பெயர் திருத்த அலைந்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகவே புரியும். அப்புறம் எல்லிஸ் தீவு. அமெரிக்காவுக்கு வந்து இறங்குகிறவர்களின் கண் இமையைப் புரட்டிப் பார்த்து, கோட்டில் சாக்பீஸால் குறி போட்டு, உள்ளே விடுவதா கப்பலில் திருப்பி அனுப்புவதா என்று முடிவுசெய்த இடம் அது. அதைத் தாண்டினால் நியூயார்க்கின் தையல் ஆலைகள், சுரண்டல், வேலைநிறுத்தம்.

ஆமாம் தோழர்களே, வேலைநிறுத்தம். சங்கம் கட்டுகிற கதையைத்தான் நீங்கள் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

பேய் எப்படி வேதம் படிக்கும், எல்லாம் அமெரிக்க மிகுகற்பனை என்று ஒரு நண்பர் நக்கலடித்திருந்தார். பேய்களின் ராஜா அஷ்மதாய் தினமும் வானத்துக் கல்விச்சாலைக்கு ஏறிப்போய்ப் படித்துவிட்டு, இறங்கி வந்து பூமியில் இருக்கும் கல்விச்சாலையிலும் படிப்பான் என்று தால்முத்திலேயே இருக்கிறது. சாலமோன் ராஜாவை ஏமாற்றிச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தவனும் அதே அஷ்மதாய்தான். நாவலில் வரும் பேயின் பெயரே அவன் பெயரின் சுருக்கம், லிட்டில் ஆஷ். வீட்டுக்குள் பேய் நடமாடுகிறதா என்று தெரிய வேண்டுமானால் கட்டிலைச் சுற்றிச் சலித்த சாம்பலைத் தூவு, காலையில் சேவல் காலடி தெரியும் என்றும் தால்முத் சொல்கிறது. இப்படி ஒரு குறிப்பு நம் பக்கத்து ஓலைச்சுவடியில் இருந்திருந்தால் இதே நண்பர் அதற்குப் பத்துப் பதிவு போட்டிருப்பார்.

இந்தக் கதைகளைச் சொன்னவர்கள் அரண்மனைக்காரர்கள் இல்லை. ரொட்டி சுடுகிறவர், தையல்காரர், வண்டிக்காரர், அவர்கள் வீட்டுக் கிழவிகள். ஆன்ஸ்கி என்ற எழுத்தாளர் 1912-இலிருந்து 1914 வரை இன்றைய உக்ரைன் பக்கத்துக் கிராமங்களில் அலைந்து பாட்டும் கதையும் சேகரித்தார். செத்தவரின் ஆவி உயிரோடு இருப்பவருக்குள் புகுந்துகொள்ளும் கதையை 'திப்புக்' என்ற நாடகமாகவும் எழுதினார். 1920-இல் அது வார்சாவில் மேடை ஏறுவதற்குச் சில வாரங்கள் முன்னால் இறந்துபோனார். இருபது சொச்சம் வருஷத்துக்குள் அந்தக் கிராமங்களே இல்லை. நாஜிகளால் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழியான யிட்டிஷ் பேசிய, இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த சனம். மிச்சம் இருப்பதை ஒருவர் எடுத்துப் பதின்பருவப் பிள்ளைகளுக்கு எழுதினால் அது பிரச்சாரமா?

"ஆனால் அரசியல் சூழல்..." என்று வருவீர்கள், தெரியும். காசாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்து எனக்கும் தூக்கம் போகிறது, அதைப் பற்றி என் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், கீழே தள்ளிப் பாருங்கள். அதை எழுதிய அன்றைக்கு இதயம் போட்டவர்கள்தான் நேற்று எனக்கு அரசியல் வகுப்பு எடுத்தார்கள். சரி, நானும் கொஞ்சம் எடுக்கிறேன். 1897-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் கேட்ட சியோனிச இயக்கத்தின் முதல் மாநாடு கூடியது. அதே வருஷம் வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) யூதத் தொழிலாளர்களின் பண்ட் என்ற சோசலிசக் கட்சி பிறந்தது. பாலஸ்தீனத்துக்குப் போகும் கனவு வேண்டாம், இருக்கிற இடத்திலேயே உரிமைக்குப் போராடுவோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. அவர்கள் பேசியது யிட்டிஷ். இஸ்ரேல் அரசே அதன் ஆரம்ப காலத்தில் அந்த மொழியை அகதிகள் கொண்டுவந்த கூச்சல் மாதிரி நடத்தி ஓரங்கட்டியது, எபிரேயம்தான் வேண்டும் என்றது. ஒரு மொழியை ஓரங்கட்டினால் எப்படி வலிக்கும் என்று தமிழில் பதிவு போடும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. யூதர் என்றால் ஒரே ஆள், ஒரே கட்சி, ஒரே கொடி என்று நினைப்பவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் அந்த அரசின் பிரச்சாரகர். இன்னொருவர் நீங்கள்.

1909 நவம்பர் 22, நியூயார்க். தலைவர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்த கூட்டத்தில் கிளாரா லெம்லிச் என்ற 23 வயது தையல் தொழிலாளி எழுந்து, பேச்சுப் போதும், பொது வேலைநிறுத்தம் என்று யிட்டிஷில் தீர்மானம் கொண்டுவந்தார். ஏறத்தாழ 20,000 பேர் வெளியே வந்தார்கள், பெரும்பாலும் சின்னப் பெண்கள். பதினாறு மாதம் கழித்து, 1911 மார்ச் 25-இல் அதே நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் ஆலையில் தீப்பிடித்தபோது கதவு பூட்டியிருந்தது. 146 பேர் செத்தார்கள். யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும்தான் அதிகம். மகளிர் தினத்தன்று உங்களில் பாதிப் பேர் இந்தத் தீ விபத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். எழுதும்போது அவர்கள் தொழிலாளர்கள். கதையில் வந்தால் மட்டும் யூதர்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும்போது முகத்தில், புருவத்தில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு தீபாவளிக்கு முன்னால் போனஸ் தகராறில் கேட்டுக்கு வெளியே நின்ற பெண்களோடு அம்மாவும் நின்றார். மறுநாள் சூப்பர்வைசர், "நீ இனிமே வர வேண்டாம்மா" என்று முடித்துவிட்டார். அந்த தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பட்டாசு இல்லை என்பதை விட, அம்மா வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த நாவலில் அந்தப் பெண்கள் மெஷினை விட்டு எழுந்து நிற்கிற பகுதியை அம்மாவுக்கு வாய்மொழியாகத் தமிழில் சொன்னேன். "அந்தப் பேய் எந்தக் கட்சி?" என்று கேட்டார். "கட்சி இல்லம்மா, ஆனா மொதலாளிக்கு எதிர்." "அப்ப நல்ல பேய்தான்" என்றுவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். பள்ளிக்கூடம் முடிக்காத அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆய்வு முடித்தவர்களுக்குப் புரியவில்லை.

"நம் முனி, நம் காத்தவராயன் எல்லாம் இருக்க வெளிநாட்டுப் பேய் எதற்கு?" என்று கேட்டவருக்கு: பட்டியலை முழுசாகப் படியுங்கள் சார். நாட்டார் கதைத் தொகுப்பு முதல் வரியிலேயே இருக்கிறது. ருஷ்ய நாவல் படிக்கும்போது இந்தக் கேள்வி உங்களுக்கு வந்ததே இல்லையே. "ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலிப்பது வருகிறதாமே" என்று உள்பெட்டியில் கேட்ட அண்ணனுக்கு: ஆமாம், வருகிறது. அந்த நாவல் 2023-இல், தன்பாலீர்ப்பாளர், திருநர் வாழ்வைச் சொல்லும் புத்தகங்களுக்கான ஸ்டோன்வால் விருது வாங்கியது, யூதச் சிறார் இலக்கியத்துக்கான சிட்னி டெய்லர் விருதும் வாங்கியது. இரண்டையும் ஒரே புத்தகத்துக்குக் கொடுத்தவர்களுக்கு இல்லாத சங்கடம் உங்களுக்கு ஏன்? "சிறார் ஃபேன்டஸிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்றவருக்குப் பதில் கிடையாது.

"அக்காவுக்கு மனசு நல்ல மனசு, அரசியல்தான் கொஞ்சம் பிடிபடல" என்று எழுதினீர்களே, அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. நான் ஒரு புத்தகத்தைப் பரிந்துரைத்தால் அது மனசு. நீங்கள் படிக்காமலே எடுத்தால் அது அரசியல். வாசிப்பு வட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடுவது, பிள்ளைகளை வீட்டிலிருந்து கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது, டீ சொல்வது எல்லாம் அக்கா. எது படிக்கலாம் என்று முடிவு செய்ய மட்டும் அண்ணன்கள். இத்தனை வருஷமாக இது எனக்குத் தெரியாதது இல்லை, சண்டை வேண்டாமே என்று இருந்தேன்.

பட்டியலிலிருந்து எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும், திரும்பச் சேர்க்கச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. படிக்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வரலாம், பெற்றோரிடம் சொல்லிவிட்டு வரவும். என் பிரதியை ஜனவரியில் வாங்கிக்கொண்டு போனவர், நேற்று முதல் கமெண்ட் போட்டவரும் அவர்தான், சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்துவிடவும். பிரித்தே பார்க்கவில்லை என்று தெரிகிறது, அதனால் அட்டை கசங்கியிருக்காது.