மூன்று மாடி முழுக்க நாற்காலி, உட்காரத்தான் இடமில்லை

மர நாற்காலி, இரும்புக் குழாய் நாற்காலி, பிரம்பு பின்னியது, தோல் போர்த்தியது, ஒட்டுப்பலகையை வளைத்துச் செய்தது. மூன்று மாடி முழுக்க நாற்காலி. முட்டி தேய்ந்துபோன 71 வயது மனிதர் ஐந்து நிமிடம் உட்கார அந்த மூன்று மாடியில் ஒரு முக்காலி கிடையாது. சனிக்கிழமையிலிருந்து எனக்கு ஆறவே இல்லை, எழுதித் தொலைத்தால்தான் அடுத்த வேலை ஓடும்.

அப்பா கோயம்புத்தூரிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருக்கிறார். நான் இருப்பது ஜெர்மனியில். ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்கு வாத்தியாராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். கோட்டை, அரண்மனை, தேவாலயம் எல்லாம் காட்டியாயிற்று, எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு கண்ணு" என்று ஒரே பதில்தான். இரும்போடும் அரத்தோடும் வாழ்ந்த மனிதருக்கு நவீன வடிவமைப்பும் கட்டடக்கலையும் காட்டுகிற மியூசியம்தான் சரி என்று நானாக முடிவு செய்து கூட்டிப்போனேன். எந்த ஊர், எந்த மியூசியம் என்று சொல்லப்போவதில்லை. இந்த வகையில் எந்த ஊரிலும் ஒன்று இருக்கும்.

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. கவுண்டரில் காசு வாங்க மாட்டார்கள், கார்டு மட்டும்தான். சரி, காலம் அப்படி. டிக்கெட்டைக் கொடுத்த கையோடு அந்தப் பெண் அப்பாவின் தோள்பையைக் காட்டி, இது உள்ளே வரக்கூடாது, லாக்கரில் வையுங்கள் என்றார். பையில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா, கண்ணாடிக் கூடு. லாக்கருக்குப் போனால் அது ஒரு யூரோ நாணயம் கேட்கிறது. நாணயம் மட்டும்தான், கார்டெல்லாம் அதற்குத் தெரியாது. திரும்ப வந்து சில்லறை கேட்டால், நாங்கள்தான் காசே புழங்குவதில்லையே, சில்லறைக்கு எங்கே போவோம் என்று சிரித்த முகமாகச் சொல்கிறார்கள். உள்ளே இருக்கிற காபிக் கடையும் கார்டுதான். கடைசியில் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிக்குப் போடுகிற பிளாஸ்டிக் வில்லை ஒன்று என் சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் திணித்தேன், பூட்டிக்கொண்டது. வடிவம் பயனைப் பின்தொடர வேண்டும் என்று அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி சல்லிவன் 1896இல் எழுதினாரே, அந்த வாக்கியத்தை ஆள் உயர எழுத்தில் சுவரில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் இந்த லாக்கர்.

லிஃப்ட் வேறு. சுவரும் வெள்ளை, லிஃப்ட் கதவும் வெள்ளை, பொத்தானும் வெள்ளை. பொத்தான் துருத்திக்கொண்டிருந்தால் அழகு கெட்டுவிடுமாம், சுவரோடு சுவராகப் பதித்திருக்கிறார்கள். அப்பா சுவரைத் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்.

மேலே போனால் பெயர்ப்பலகைக் கூத்து. வெள்ளைச் சுவரில் வெளிர்சாம்பல் எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி, அதுவும் முட்டி உயரத்தில். பொருளுக்குப் பக்கத்தில் எண் மட்டும் இருக்கும், அந்த எண்ணுக்குரிய விவரம் எதிர்ச்சுவரில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்க வேண்டும். வெளிச்சம் ஏன் இவ்வளவு மங்கல் என்றால், பழைய துணிகளுக்கு ஆகாது, சாயம் வெளுத்துவிடும் என்று ஒரு குறிப்பு. துணிக்குச் சரி. இரும்புக் குழாய்க்கு என்ன வெளுக்கப்போகிறது? இதில் கொடுமை என்னவென்றால், அந்த அறையே எழுத்துருக்களைப் பற்றியது. ஜெர்மனியில் இருந்த பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் ஹெர்பர்ட் பாயர் என்பவர் 1925இல், ஒரே ஒலிக்குப் பெரிய எழுத்து ஒன்று, சின்ன எழுத்து ஒன்று எதற்கு என்று கேட்டு, சின்ன எழுத்துகளை மட்டும் வைத்து ஓர் எழுத்துரு வரைந்தார். படிப்பதும் அச்சடிப்பதும் எளிதாக வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். நம் எழுத்தில் அந்த வம்பே கிடையாதே என்று அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். சிரித்துவிட்டு, அந்த ஆளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் குனிந்தவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

அடுத்த கூடம் நாற்காலிகள். அப்பாவின் கண்ணில் உயிர் வந்தது அங்கேதான். அதே பௌஹவுஸைச் சேர்ந்த மார்செல் புரோயர் 1925 வாக்கில் செய்த குழாய் நாற்காலி மேடை மேல் இருந்தது. அவர் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஹேண்டில்பாரை இப்படி வளைக்க முடிகிறது என்றால் நாற்காலியை ஏன் வளைக்கக்கூடாது என்று தோன்றி, ஒரு பிளம்பரைக் கூட வைத்துக்கொண்டு செய்தது. அதற்குப் பக்கத்தில் பின்கால் இல்லாத நாற்காலி. டச்சுக்காரர் மார்ட் ஸ்டாம் 1926இல் கேஸ் குழாயையும், குழாய்களை மூலையில் இணைக்கிற எல்போவையும் மாட்டி அதற்கு முதல் மாதிரி செய்தார், பிறகு அந்த வடிவம் யாருக்குச் சொந்தம் என்று நீதிமன்றம் வரை போய் அடித்துக்கொண்டார்கள். நான் இதையெல்லாம் எதிர்ச்சுவரில் படித்துவிட்டு வந்து சொல்லிக்கொண்டிருக்க, அப்பா எதையும் காதில் வாங்கவில்லை, வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வளைவுல குழாய் நசுங்கவே இல்ல பாரு கண்ணு. உள்ள மணலை ரொப்பி, ரெண்டு பக்கமும் கட்டையடிச்சு அடைச்சு, அப்புறம் வளைச்சிருப்பான். இல்லாட்டி உள்பக்கம் சுருங்கிரும்."

சொல்லிக்கொண்டே இருக்கைக்கு அடியில் இணைப்பு எப்படி வருகிறது என்று பார்க்கத் தலையை நீட்டினார். அவ்வளவுதான், பீப் பீப் என்று கூடம் முழுக்க அலறியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருடம் பையன்களுக்குக் குழாய் வளைக்கச் சொல்லிக்கொடுத்தவர், திருடன் மாதிரி இரண்டு அடி பின்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கூடத்தில் அந்த நாற்காலி எப்படிச் செய்யப்பட்டது என்று தன் கையால் தெரிந்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான்.

காவலுக்கு நின்ற பையன் ஓடிவந்து பணிவாகத்தான் சொன்னான், அவன் மேல் தப்பில்லை. காலையிலிருந்து அவனும் நின்றுகொண்டுதான் இருக்கிறான், அவனுக்கும் நாற்காலி கிடையாது. உட்கார இடம் எங்கே என்று கேட்டேன். கீழ்த்தளத்தில், லாக்கர் பக்கம் பெஞ்சு இருக்கிறதாம். நாங்கள் இருந்தது இரண்டாவது மாடி.

பழைய நாற்காலியில் வருகிறவன் போகிறவனெல்லாம் உட்கார்ந்தால் தாங்காது, அது எனக்கும் தெரியும். நூறு வருடத் துணி, தோல், பிரம்பு, கிழிந்துதான் போகும். ஆனால் இந்த நாற்காலிகள் செத்துப்போன பொருள்கள் இல்லையே ஐயா, இதே வடிவங்கள் இன்றைக்கும் தொழிற்சாலையில் தயாராகி விற்கின்றன. புதிதாக நான்கு வாங்கி மூலையில் போட்டு, உட்கார்ந்து பாருங்கள் என்று ஒரு பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும்? பின்கால் இல்லாத நாற்காலியின் சூட்சுமமே உட்கார்ந்தால் லேசாக ஆடிக்கொடுப்பதுதான். அதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? லட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இனிக்கும் என்று எழுதிப்போட்ட கதை.

செய்தவர்கள் என்ன நினைத்துச் செய்தார்கள் என்று பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. வால்டர் குரோப்பியஸ் 1919இல் வைமாரில் தொடங்கி, 1925இல் டெசாவுக்குப் போய், 1933இல் நாஜிகளின் நெருக்கடியில் பெர்லினில் மூடப்பட்ட பள்ளி அந்த பௌஹவுஸ். அதன் இரண்டாவது இயக்குநர் ஹன்னஸ் மையரின் கோஷமே, ஆடம்பரத் தேவை அல்ல, மக்கள் தேவை என்பதுதான். சரி, அவர்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் முழுசாக இல்லை. 1924இல் லைப்ஸிக் சந்தைக்கு அந்தப் பள்ளியின் வாகன்ஃபெல்ட் கொண்டுபோன மேசை விளக்கைப் பார்த்து வியாபாரிகள் சிரித்தார்களாம், ஆலையில் செய்த மலிவுச் சரக்கு மாதிரித் தெரிகிறது, விலையோ கைவேலை விலை என்று. எண்ணமாவது நல்ல எண்ணம். அதே பள்ளியின் மரியானே பிராண்ட் 1924இல் வடிவமைத்த உள்ளங்கை அளவு டீ பாத்திரம் ஒன்று 2007இல் ஏலத்தில் 3,61,000 டாலருக்குப் போனது. அதில் இனி யார் டீ போடுவது?

குழந்தை விளையாட்டுச் சாமானுக்கும் இதே கதி. பௌஹவுஸின் அல்மா சீட்ஹோஃப் புஷர் 1923இல் செய்த கப்பல் கட்டும் கட்டைகள், மொத்தம் 22 துண்டு, குழந்தை கலைத்துப்போட்டு இஷ்டத்துக்கு அடுக்க வேண்டும் என்றே செய்தது. யாரோ பெரியவர் அழகாக அடுக்கிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டார். அதற்கு முன்னால் நாலு வயதுப் பிள்ளை ஒன்று மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நிற்கிறது, அதன் அம்மா 'தொடாதே, தொடாதே' என்று அதட்டிக்கொண்டே இருக்கிறாள்.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைத்தது பிராங்க்ஃபர்ட் அடுக்களைதான். மார்கரேட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக்கலைஞர் 1926இல் வடிவமைத்தது, பிராங்க்ஃபர்ட் நகராட்சி கட்டிய குடியிருப்புகளில் ஏறக்குறைய 10,000 வீடுகளில் வைத்தார்கள். 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அவ்வளவுதான் இடம். அடுப்புக்கும் தொட்டிக்கும் மேசைக்கும் எத்தனை எட்டு என்று கணக்குப் பார்த்து வைத்தது. அரிசி, சர்க்கரை, பருப்பு போட அலுமினியத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றுக்கும் பிடி, முனையில் கொட்டுவதற்கு மூக்கு. புழு வராமலிருக்க மாவுக்கு மட்டும் ஓக் மரம். "அஞ்சறைப் பெட்டியச் செவுத்துல மாட்டிட்டாங்க" என்றார் அப்பா. அந்த மேசைக்கு முன்னால் ஒரு சுழல் முக்காலி. நின்றே வேலை செய்தால் கால் வலிக்கும், காய் நறுக்குகிறவள் உட்கார்ந்து நறுக்கட்டும் என்று அந்த அம்மாள் யோசித்து வைத்தது. 1926இல், ஒரு குட்டி அடுக்களையில், உட்கார இடம் வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த முக்காலியைச் சுற்றி இவர்கள் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் என் அப்பா ஒற்றைக் காலில் பாரத்தை மாற்றி மாற்றி நிற்கிறார்.

கட்டடக்கலைப் பகுதியை அரைக்கண்ணால்தான் பார்த்தோம். கட்டடக்கலைஞர் லே கோர்பூசியே 1931இல் கட்டி முடித்த வில்லா சவோய் என்ற வீட்டின் வெள்ளை மாதிரி, பக்கத்தில் வெளிச்சம், காற்று, சுதந்திரம் என்று தேவாரம் மாதிரி ஒரு பலகை. கூடத்தில் மழை, சாய்தளத்தில் மழை, குளியலறையில் மழை என்று வீட்டுக்காரம்மா அவருக்குக் கடிதமாக எழுதித் தீர்த்த கதை எங்கே? ஒரு வரி இல்லை. நான் சொன்னதும் அப்பா, "தட்டோட்டுல வாட்டம் பத்தலையாக்கும்" என்று ஒரே வரியில் முடித்தார். பாண்டிச்சேரியில் 1930களில் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்ட் தொடங்கி, ஜார்ஜ் நகாஷிமா கூட நின்று கட்டிய கோல்கொண்டே என்ற விடுதி இதே தலைமுறைக் கட்டடம்தான். சுவர் முழுக்கத் திறந்து மூடுகிற பட்டைகள், வெயிலுக்குச் சாய்த்துக்கொள்ளலாம், காற்றுக்குத் திறந்துகொள்ளலாம், இன்னமும் அரவிந்தர் ஆசிரமத்து விடுதியாக ஆட்கள் தங்குகிறார்கள். அதைப் பற்றியும் பேச்சில்லை, போகட்டும்.

அப்புறம் கழிப்பறை. ஒரு கதவில் முக்கோணம், இன்னொன்றில் வட்டம். வேறு எதுவும் இல்லை. ஓவியர் காண்டின்ஸ்கி பௌஹவுஸில் ஒரு கேள்வித்தாள் கொடுத்து, முக்கோணத்துக்கு என்ன நிறம், சதுரத்துக்கு என்ன நிறம், வட்டத்துக்கு என்ன நிறம் என்று கேட்டார், அவர் கணக்கில் மஞ்சள், சிவப்பு, நீலம். அதற்கு மரியாதையாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற மனிதர் அவசரத்துக்கு வந்து நின்று, "இதுல நான் எது கண்ணு?" என்று கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. ஒரு ஆம்பளை வெளியே வருகிற வரைக்கும் காத்திருந்தோம்.

கடைசியில் அப்பா உட்கார்ந்தார். எங்கே தெரியுமா? வெளியேறும் வழியில் இருக்கிற கடையில். மேலே பீப் அடித்த அதே குழாய் வகை, புரோயரின் பிரம்பு நாற்காலி, புத்தம் புதுசு, 'தயவுசெய்து உட்கார்ந்து பாருங்கள்' என்று அட்டையோடு. வாங்குகிறவனுக்கு மட்டும் உட்கார உரிமை உண்டு! நன்றாகச் சாய்ந்து, லேசாக ஆடிப்பார்த்து, இருக்கைக்கு அடியில் கையை விட்டு இணைப்பைத் தடவி, பின்னலை விரலால் நெருடி, முகத்தில் ஒரு நிம்மதி. அப்புறம் விலைச்சீட்டைத் திருப்பினார். ஆயிரத்துச் சொச்சம் யூரோ. தணல் மேல் உட்கார்ந்த மாதிரி எழுந்துவிட்டார்.

டிராம் நிறுத்தத்தில் ஓட்டை போட்ட தகரப் பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஒயர் சேர் கிடக்கிறது, ஐடிஐ பட்டறையில் அவரே குழாய் வளைத்துச் செய்தது, அம்மா பச்சையும் வெள்ளையுமாக ஒயர் பின்னியது. துருப்பிடித்துக் கிடக்கிறது, தூக்கிப் போடலாம் என்று இரண்டு வருடமாக அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். டிராம் வர ஏழு நிமிடம் இருந்தது. அப்பா போனை எடுத்தார்.

"ஏ புள்ள, பழைய இரும்புக்காரன் வந்தானா? அந்தச் சேரை மட்டும் போட்றாத."