வாஷர் மட்டும் தனியா வராது சார், செட்டாத்தான் வரும்

ஒரு ரப்பர் வாஷர். குழந்தை வளையல் சைஸ்ல கருப்பா ஒரு வளையம். இதைத்தான்யா கேட்டேன். ராக்கெட் பாகமா கேட்டேன்?

"வாஷர் மட்டும் தனியா வராது சார். செட்டாத்தான் வரும்."

இந்த வசனத்தைச் சொல்லாத ஹார்டுவேர் கடை ஏதாவது இருந்தா முகவரி கொடுங்க, குடும்பத்தோட போய்க் கும்பிட்டுட்டு வர்றேன். ஃப்ளஷ் டேங்குக்குள்ள இருக்குற அடி வாஷர் செத்துப்போச்சு. ராத்திரி பகலா கோப்பைக்குள்ள தண்ணி இறங்கிட்டே இருக்கு. மோட்டார் போட்டு மேல ஏத்துறோம், அது சத்தமில்லாம கீழ போகுது, மறுபடி ஏத்துறோம். சரி, தொலையுது, அந்த செட்டையே குடுங்கன்னேன்.

"உங்களுது என்ன செட் சார்?"

"வெள்ளை."

"கலர் இல்ல சார். சிங்கிள் செட்டா, டூயல் செட்டா?"

எனக்கு எப்படிய்யா தெரியும்? நான் என்ன டேங்குக்குள்ளயா குடியிருக்கேன்? கடைசியில அவரே மேல் தட்டுல இருந்து ஒரு டப்பாவை எடுத்துத் தூசி தட்டி, "இதை எடுத்துட்டுப் போங்க, எல்லாத்துக்கும் செட் ஆகும்"னாரு. வீட்டுல வந்து பிரிச்சுப் பார்த்தா உள்ள மிதவை வால்வு, ஃப்ளஷ் வால்வு, மூடி மேல அமுக்குற பட்டன், ரெண்டு நீள போல்ட், எதுக்குன்னே தெரியாத ஒரு நட்டு. எல்லாத்துக்கும் அடியில, தனியா வரவே மாட்டேன்னு அடம்பிடிச்ச நம்ம வாஷர், படை பரிவாரத்தோட.

பள்ளிக்கூடத்துல இந்த செட்டைத்தான் 'கணம்'னு சொல்லிக் குடுத்தாங்க. ஞாபகம் இருக்கா? அதுல ஓருறுப்புக் கணம்னு ஒண்ணு உண்டு. உள்ள ஒரே ஒரு உறுப்புதான் இருக்கும், ஆனாலும் அது கணம்தான். ஆக, கணக்குப்படி ஒத்தை வாஷரும் ஒரு செட்தான்யா! இதைக் கடையில சொல்லியிருந்தா என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருப்பாங்க, அது வேற. வெற்றுக் கணம்னும் ஒண்ணு படிச்சோம். அதை இப்ப என் பர்ஸைத் திறந்து காட்டியே விளக்கலாம்.

பிளம்பர் தம்பி வந்தார். டப்பாவுல இருந்த ஒவ்வொரு சாமானையும் ஜாதகம் பார்க்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த செட் இந்த டேங்குக்கு செட் ஆகாதேண்ணே."

எல்லாத்துக்கும் ஆகும்னாங்களே தம்பி?

"எல்லாத்துக்கும் ஆகும்ணே. இதுக்கு ஆகாது. விடுங்க, செட் பண்ணிடலாம்."

செட் பண்றதுன்னா என்னன்னு நினைச்சீங்க? ஆக்ஸா பிளேடை எடுத்து, பிரிச்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகாத புது வால்வோட குழாயை நறநறன்னு அறுத்தார். மாட்டினார். பட்டன் எட்டல. கழட்டினார், திருகினார், மாட்டினார். இப்ப பட்டன் எட்டுது, ஆனா அமுக்கினா மேல வரல. விரல் நகத்தால நோண்டித்தான் தூக்கணும். இதைக் கேட்டா, "புது செட்டுல்லண்ணே, ரெண்டு நாள் அமுக்க அமுக்க செட் ஆயிடும்" என்கிறார். இதுக்கு நடுவுல டேங்கை ஆட்டின ஆட்டுல சுவத்து ஆணி வேற பெயர்ந்துபோச்சு. அந்த ஓட்டையில ஒயிட் சிமெண்டை அப்பிட்டு, "இதுவும் செட் ஆகணும், தொடாதீங்க"ன்னுட்டு ஹெல்மெட்டை மாட்டிட்டார்.

சிமெண்டைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர விதியே இருக்கு. 30 நிமிடத்துக்கு முன்னாடி இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள்ள இறுகி முடிச்சுடணும். வாயில்லாத சாம்பல் பொடி, அதுக்கே கெடு இருக்கு! தம்பியோட 'ரெண்டு நாளு'க்கு எந்த விதியும் கிடையாது. பட்டன் இன்னைக்கும் நகத்தாலதான் எழும்புது.

வெள்ளைக்காரனைச் சொல்லணும். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியோட 1989 பதிப்புல 'செட்' வினைச்சொல்லுக்கு மட்டும் 430 அர்த்தம். அதை விளக்கவே 60,000 சொல் ஆச்சாம். ஒரு நாவல்யா அது! அப்புறம் 'ரன்' 645 அர்த்தத்தோட வந்து அதை முந்திடுச்சு. இதுல கூத்து என்னன்னா, உட்கார வைக்கிற செட் வேற, கூட்டமா வர்ற செட் வேற. முதல் செட் பழைய ஆங்கிலம். ரெண்டாவது, லத்தீன்ல மதப்பிரிவைக் குறிக்கிற 'செக்டா'வுல பிறந்து பிரெஞ்சு வழியா வந்தது. இப்பத்தான் விளங்குது. ஹார்டுவேர் கடைக்காரர் வியாபாரம் பண்ணல, ஒரு மதத்தை அனுஷ்டிக்கிறார். ஒத்தையா வித்தா அவருக்குத் தீட்டு.

430 போதாதுன்னு நாம வேற சேர்த்து வச்சிருக்கோம். பம்பு செட்டு, மைக் செட்டு, பல் செட்டு, காலேஜ்ல எங்க செட்டு. இதெல்லாம்கூடப் பரவாயில்ல, கையில தொடலாம், ஆளைக் காட்டலாம். ஆத்திரம் வர்றது 'செட் ஆகல'ன்னு ஒண்ணு வச்சிருக்கோமே, அதுலதான். வரன் செட் ஆகல. வேலை செட் ஆகல. யாரும் எதையும் கெடுக்கல பாருங்க, அதுவா ஆகல! போன்ல கூப்பிட்டா தம்பி சொல்றார், "கடைக்காரர் தப்பான செட்டைக் குடுத்துட்டார்ணே." கடைக்குப் போனா அவர், "உங்க ஆளுக்குச் செட் பண்ணத் தெரியல சார்." அப்ப காசைத் திருப்பிக் குடுங்கன்னா, "பிரிச்ச செட்டை ரிட்டர்ன் எடுக்குறதில்ல." அறுத்தது அவன், வித்தது இவன், நகம் மட்டும் என்னுது. நான் சண்டை போடலாம்னு மூச்சை இழுக்குறேன், பின்னாடி நிக்குற ஆள் என் தோள் மேலயே கையை நீட்டி, "அண்ணே, டேப்புக்கு ஒரு வாஷர்" என்கிறார். எடுத்துக் குடுக்குறார்யா! ஒத்தையா! அஞ்சு ரூபா வாங்கிட்டு!

"அது டேப் வாஷர் சார். அது தனியாத்தான் வரும்."

சிரிப்பு வந்துருச்சு. வேற என்ன பண்றது?

பக்கத்துல இருந்த ஹோட்டல்ல போய் உட்கார்ந்து ஒரு செட் பரோட்டா சொன்னேன். ரெண்டு வந்துச்சு. செட்டுன்னா ரெண்டு, அதுல தகராறே இல்ல. பிய்ச்சுப் போட்டு குருமாவை ஊத்தினா அந்தச் சின்னக் கிண்ணம் முதல் பரோட்டாவுக்கே காணல. இன்னும் கொஞ்சம்னு கேட்டு வாங்கினேன். பில்லு வருது, 'எக்ஸ்ட்ரா குருமா 20'. குருமாவுக்கு எப்ப இருந்துய்யா காசு? வாளியைத் தூக்கிட்டு வந்து வேண்டாம் வேண்டாம்னு கை மறிச்சாலும் விரலுக்கு மேலயே ஊத்திட்டுப் போவாங்களே, அவங்கல்லாம் எங்கய்யா போனாங்க? வாஷரை ஆயிரத்தெட்டு சாமானோட கட்டி விக்கத் தெரியுது, பரோட்டாவையும் குருமாவையும் மட்டும் பிரிச்சு விப்பீங்களா?