பில் ரோலை யார் மாற்றுவது?

வடையை நியூஸ் பேப்பரில் வாங்கித் தின்னாதே என்று சொல்ல இன்று வீட்டுக்கு ஓர் ஆள் இருக்கிறார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு பெரியப்பா இருக்கிறார், வாரம் தவறாமல் அனுப்புவார். சரியான விஷயம்தான். செய்தித்தாள் மை நாம் நினைக்கிற மாதிரி காய்வது கிடையாது. காகிதம் அதை உறிஞ்சிக்கொள்கிறது, அவ்வளவே. காலையில் பேப்பர் படித்தால் விரல் கறுப்பாவது அதனால்தான். அதன் மேல் எண்ணெய் வடியும் சூடான பஜ்ஜியை வைத்தால் மையில் இருக்கும் கனிம எண்ணெய் பஜ்ஜிக்கு ஏறிவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016 டிசம்பரில் இதை எச்சரித்தது, 2018 பேக்கேஜிங் விதிமுறைகளில் தடையாகவே எழுதியது, 2023 செப்டம்பரில் மறுபடியும் நினைவூட்டியது. பேப்பர் கப்புக்கும் ஏறக்குறைய இதே கதை. பிளாஸ்டிக் பூச்சு உள்ள கப்புக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தயாரிப்பாளர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். 2023 அக்டோபரில் அங்கேயும் தடை செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. டீக்கடையில் கப் நின்றபாடில்லை என்பது வேறு விஷயம்.

இந்த இரண்டையும் பற்றி ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத காகிதம் ஒன்று நம் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. கடையில் கொடுக்கிற பில். ஏடிஎம் சீட்டு, பெட்ரோல் பங்க் ரசீது, பஸ் கண்டக்டரின் மெஷினில் இருந்து கிழித்துத் தருகிற டிக்கெட், ஆன்லைன் பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் எல்லாம் பெரும்பாலும் இதே வகை. கையில் எடுத்தால் வழவழவென்று இருக்கும். நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், கறுப்பாகக் கோடு விழுந்தால் அது தெர்மல் பேப்பர்.

அந்தக் கோடு எப்படி விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த மெஷினில் மை கிடையாது. காகிதத்தின் மேல் நிறமில்லாத ஒரு சாயமும், அதை நிறம் மாற்றும் ‘டெவலப்பர்’ என்கிற இன்னொரு பொருளும் சேர்த்துப் பூசியிருப்பார்கள். பிரிண்டரின் தலை சூடாகி எங்கே தொடுகிறதோ, அங்கே இரண்டும் உருகிக் கலந்து கறுப்பாகும். நகம் உரசும் சூடே போதும். அந்த டெவலப்பராகப் பல ஆண்டுகளாக உலகம் முழுக்கப் பயன்படுத்தியது பிஸ்ஃபீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ. பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தைகளின் பால் பாட்டில் விஷயத்தில் பெரிய சத்தம் கிளம்பியதே, அதே பிபிஏ. ஆனால் பாட்டிலில் அது பிளாஸ்டிக்கின் சங்கிலியோடு பிணைந்து கிடக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். பில்லில் அப்படிப் பிணைப்பு எதுவும் இல்லை. முகத்தில் பூசிய பவுடர் மாதிரி மேலாக உட்கார்ந்திருக்கிறது. தொட்டவர் கையில் ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு ஒட்டும்? சூரிச் மாநில உணவு ஆய்வகத்தில் இருந்து 2010இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்கள் சோதித்த 13 தெர்மல் தாள்களில் 11இல் பிபிஏ இருந்தது, கிலோவுக்கு 8 முதல் 17 கிராம் வரை. பில்லை 5 விநாடி பிடித்தால், உலர்ந்த விரலில் சுமார் 1 மைக்ரோகிராம் ஒட்டியது. விரல் ஈரமாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ இருந்தால் பத்து மடங்கு. ஈரமும் எண்ணெயும்! நம் ஊரில் மே மாதத்தில் உலர்ந்த விரலுக்கு எங்கே போவது? இன்னொன்று, சானிடைசர் போட்ட கையோடு பில்லைப் பிடித்தால் உடம்புக்குள் போகிற அளவு பல மடங்கு ஏறுகிறது என்று 2014இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. அது தெரியாமல், கொரோனா காலத்தில் ஒவ்வொரு கல்லா மேலும் ஒரு சானிடைசர் பாட்டிலை வைத்து, கையில் அடித்துவிட்டு அந்த ஈரத்தோடு பில்லையும் கொடுத்தோம்.

1930களிலேயே லண்டனில் எட்வர்ட் டாட்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர், பிபிஏ உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் போல வேலை செய்யும் என்று காட்டிவிட்டார். இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் பொருள்களின் பட்டியலில் ஐரோப்பிய யூனியன் இதைச் சேர்த்திருக்கிறது. அந்த சூரிச் ஆய்வுகூட, நாள் முழுக்கப் பில்லைத் தொட்டாலும் அனுமதித்த அளவுக்குக் கீழேதான் என்றுதான் கணக்குப் போட்டது. ஆனால் அப்போது அனுமதித்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம். 2015இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு அதை 4 ஆக்கியது. 2023 ஏப்ரலில் 0.2 நானோகிராமுக்கு இறக்கியது (ஆயிரம் நானோகிராம் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம்), அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்கு. இந்தக் கடைசிக் குறைப்பை எல்லாரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமான பிஎஃப்ஆர், இவ்வளவு இறக்கத் தேவையில்லை என்றது. ஆனால் அவர்கள் சொன்ன 200 நானோகிராமும் பழைய 4 மைக்ரோகிராமில் இருபதில் ஒரு பங்குதான். யார் கணக்கை எடுத்தாலும் வரம்பு இறங்கித்தான் இருக்கிறது.

சரி, பீதியைக் கிளப்புவதற்காக இதை எழுதவில்லை. மாதம் நாலு தடவை கடைக்குப் போகிற நமக்கு இதனால் பெரிய ஆபத்து என்று நான் சொல்ல மாட்டேன். பிபிஏ உடம்பில் தங்கிச் சேர்கிற ரகம் இல்லை. உள்ளே போனதில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். கவலை எல்லாம் தினமும் காலையில் மறுபடி ஆரம்பிக்கிறவர்களைப் பற்றித்தான்.

என் சித்தி பெண் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். ஒருநாள் அவள் கவுண்டர் பக்கத்தில் நின்று சும்மா அவள் கையையே பார்த்தேன். ரோல் தீர்ந்ததும் மூடியைத் திறந்து புதுசைப் போட்டு, நுனியை இழுத்துச் சரி பார்த்துக் கிழிக்கிறாள். பில்லைக் கிழித்து, கார்டு மெஷினில் வந்த சீட்டையும் கிழித்து, இரண்டையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடிக்கிறாள். கடைக்கான பிரதியை மடித்து டிராயருக்குள் போடுகிறாள். நோட்டு எண்ணுவதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் எப்போதும் ஈரமாகவே இருக்கின்றன. அந்த விரலோடுதான் அடுத்த பில். நடுவில் கூட்டம் குறைந்த நேரத்தில் கவுண்டருக்குக் கீழே வைத்திருந்த பிஸ்கெட்டை எடுத்துக் கடித்தாள். எந்த மாதிரி ரோல் போடுகிறீர்கள் என்று கேட்டேன். “ரோல் ரோல்தான்ணா, எந்தக் கம்பெனின்னு யாரு பாக்கறா?” என்றாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தான் ஆகிறது. அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஏறத்தாழ அவள் வயதுப் பெண்கள். ஹார்மோனோடு விளையாடுகிற ஒரு பொருளை நாள் முழுக்கக் கையாள நாம் யாரை உட்கார வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

கையுறை போட்டால் என்ன என்று கேட்கலாம். உதவும்தான். 2014இல் ஜாமா என்கிற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு சிறிய ஆய்வில் 24 பேரை இரண்டு மணி நேரம் தொடர்ந்து பில்களைக் கையாளச் சொன்னார்கள். வெறுங்கையால் செய்தபோது சிறுநீரில் பிபிஏ கூடியது. கையுறையோடு செய்தபோது குறிப்பிடும்படி கூடவில்லை. ஆனால் சில்லறை பொறுக்குகிற, நோட்டு எண்ணுகிற, கார்டு வாங்கிச் சொருகுகிற வேலையை எட்டு மணி நேரம் கையுறைக்குள் வியர்வையோடு செய் என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டரிடம் சொன்னால் சிரிப்பார். பழைய கலர் டிக்கெட் புத்தகக் காலத்தில் எச்சில் தொட்டுக் கிழிப்பார்கள் என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். இப்போது மெஷின் வந்துவிட்டது, எச்சில் வேலை இல்லை. ஆனால் ஒரு ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கான தெர்மல் சீட்டு அவர் விரல் வழியாகத்தான் போகிறது, கட்டணமில்லாப் பயணச் சீட்டும் சேர்த்து.

ஆகவே மாற வேண்டியது ரோல். இது நடக்காத காரியம் இல்லை. ஐரோப்பிய யூனியனில் 2020 ஜனவரி முதல் தெர்மல் பேப்பரில் பிபிஏ எடையில் 0.02 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்புறம் என்ன ஆயிற்று? பல கம்பெனிகள் பிபிஏவை எடுத்துவிட்டு, அதன் பங்காளியான பிஸ்ஃபீனால் எஸ், அதாவது பிபிஎஸ்ஸைப் போட்டு, பிபிஏ இல்லாதது என்று லேபிள் ஒட்டின. அதுவும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது. 2023இல் ஐரோப்பா அதையும் மிகவும் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சுவிட்சர்லாந்து உஷாராக 2020இலேயே பில் காகிதத்தில் இரண்டையும் சேர்த்துத் தடை செய்தது. ஃபீனால் வகையே கலக்காத டெவலப்பர்கள் சந்தையில் இருக்கின்றன. டெவலப்பரே இல்லாமல் அச்சாகும் சாம்பல் நீலத் தாள்கூட ஜெர்மனியில் தயாராகிறது.

நம் ஊரில் தெர்மல் ரோலை மொத்தமாக வாங்குகிறவர்களில் அரசாங்கமும் ஒன்று. போக்குவரத்துக் கழகங்களின் டெண்டரில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும்: பிபிஏ, பிபிஎஸ் உள்ளிட்ட எந்த பிஸ்ஃபீனாலும் கலக்காத தாள், ஆய்வகச் சான்றோடு. அவ்வளவு பெரிய ஆர்டர் கேட்டால் சப்ளையர் கொண்டுவந்து கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்புறம் தனியார் கடைகளும் அந்த ரோலையே வாங்கும். வடைக் கடைக்காரரைப் பிடித்து அபராதம் போடுவதைவிட இது சுலபம்.

அதுவரை நம் பங்குக்கு. சட்டைப் பையில் பர்ஸைத் தேடும்போது பில்லைப் பல்லில் கடித்துக்கொள்ளும் பழக்கத்தை முதலில் விடுங்கள் (பாதிப் பேர் செய்கிறோம்). குழந்தை அழுதால் கையில் பில்லைக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டாம். கறிகாய்ப் பைக்குள் போடாதீர்கள், அச்சு உள்பக்கம் போகிறபடி மடித்து வையுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள். வாரண்டி பில், ஈசிஜி சீட்டு மாதிரியானவற்றை உடனே ஜெராக்ஸ் எடுங்கள். அதுவும் தெர்மல்தான், சில மாதத்தில் வெள்ளைத்தாளாகிவிடும். பழைய பேப்பர் கட்டில் பில்லைச் சேர்க்காதீர்கள். மறுசுழற்சியில் அந்த பிபிஏ டிஷ்யூ பேப்பருக்கும் அட்டைப் பெட்டிக்கும் போய்ச் சேர்கிறது. எஸ்எம்எஸ்ஸில் பில் வருகிற கடையில் காகிதம் வேண்டாம் என்று அடிப்பதற்கு முன்னாலேயே சொல்லுங்கள். இதில் ஒரு கொடுமை, போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கீழே ஆஃபர் விளம்பரத்தோடு முழ நீளத்துக்குப் பில்லையும் அடித்துத் தருகிறார்கள். நம்பர் கொடுத்தால் காகிதம் வேண்டாம், காகிதம் கொடுத்தால் நம்பர் கிடையாது என்று நான் கறாராக இருக்கிறேன்.

நட்பு வட்டத்தில் கண்டக்டர்கள், பில்லிங்கில் வேலை செய்கிறவர்கள் இருந்தால் ஓர் உதவி வேண்டும். உங்கள் ரோல் வருகிற அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் விவரமோ, பிபிஏ பற்றி ஏதாவதோ அச்சடித்திருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கடைசி ரோல் டெண்டரில் காகிதத்துக்கு என்னென்ன தரம் கேட்டார்கள் என்று போக்குவரத்துக் கழகத்துக்கு ஓர் ஆர்டிஐ எழுதிக்கொண்டிருக்கிறேன். அதோடு சேர்த்து வைக்கலாம்.