மனநல மருத்துவர் இல்லாமலும் முடியும்

"மனக்காயத்துக்கு மனநல மருத்துவர்தான் வேணும், கிராமத்து இளம் தாய்க்கு அதெல்லாம் ஆடம்பரம், காசைக் கையில் கொடுத்தாப் போதும்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி இல்லைங்க. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களில், மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளிடம் பேச்சு சிகிச்சை செய்தது சாதாரண சுகாதாரப் பணிப்பெண்கள். 16 வயதிலிருந்தே சேர்த்தார்கள். பிரசவமாகி 6 மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள் 23%. அந்த சிகிச்சை கிடைக்காதவர்களில் 53%. 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கடுமையான பாதிப்புக்கு மருத்துவர் வேண்டும்தான், மறுக்கவில்லை.

காசு விஷயத்திலும் பாதிதான் சரி. 1991இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் கேர் என்ற உதவி அமைப்பு தொடங்கிய சேமிப்புக் குழு முறையில் வெளிப்பணமே போடுவதில்லை, உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்புதான். பணப்பெட்டிக்கு மூணு பூட்டு, சாவி மூணு பேரிடம். எல்லார் கண்ணெதிரேதான் திறப்பார்கள், எண்ணுவார்கள். கணக்குப் பழக அதைவிட என்ன வகுப்பு வேணும்?