ஊரும் பெயரும் இல்லாத ‘வினோதக் கட்டடங்கள்’

காலையில் கைப்பேசியைத் திறந்தால் குடும்பக் குழுவில் ஒன்று, பழைய மாணவர் குழுவில் ஒன்று என ‘உலகின் வினோதமான கட்டடங்கள்’ வந்து கிடக்கின்றன. பத்துப் படங்கள், அவற்றின் கீழே வாய் பிளந்த பொம்மைகள், ‘இதைக் கட்டியவனுக்குப் பைத்தியமா?’ என்று ஒரு கேள்வி. அந்தக் கட்டடம் எந்த ஊரில் இருக்கிறது, யார் கட்டினார், எப்போது கட்டினார், ஏன் அப்படிக் கட்டினார் என்பவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. பல ஆண்டுகளாக இதைப் பொறுத்துக்கொண்டு கடந்துபோனவன்தான் நான். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகள் பள்ளிச் செயல்திட்டத்துக்காக அட்டையில் ஒட்டிய பத்துப் படங்களைச் சென்ற வாரம் கொண்டுவந்து காட்டியபோது என் பொறுமை போய்விட்டது. அவற்றுள் மூன்று, உலகில் எங்குமே இல்லாத கட்டடங்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்து தந்தவை. ஒன்றில் படிக்கட்டு நேராகச் சுவரில் போய் முட்டி நின்றது. அதைக் காட்டி, ‘சித்தப்பா, இது எந்த நாட்டில் இருக்கிறது?’ என்று கேட்ட குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்வது?

மீதி ஏழும் உண்மையானவை. ஆனால் அவற்றுக்கு நேர்ந்த கதிதான் எனக்குக் கூடுதலான ஆத்திரத்தைத் தருகிறது. வட்டமான பெரிய கண்ணாடிச் சன்னல்களோடு பெட்டிகளை அடுக்கிவைத்தாற்போன்ற ஒரு கட்டடத்தின் கீழே ‘ஜப்பானில் மக்கள் வசிக்கும் வாஷிங் மெஷின் வீடுகள்’ என்று எழுதியிருந்தது. அது டோக்கியோவின் கின்சா பகுதியில் 1972இல் கட்டி முடிக்கப்பட்ட நாககின் கேப்சூல் கோபுரம். கட்டடம் என்பது உயிரைப் போல வளரவும், தேய்ந்த உறுப்பை உதிர்த்துப் புதியதை ஏற்கவும் வேண்டும் என்று எண்ணிய ஜப்பானியக் கட்டடக்கலைஞர்களுள் ஒருவரான கிஷோ குரோகாவா, 140 சிறிய அறைகளைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து, இரண்டு கான்கிரீட் தண்டுகளில், அறைக்கு நான்கு போல்ட்டுகள் வீதம் முடுக்கிப் பொருத்தினார். 25 ஆண்டுக்கு ஒருமுறை அறைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒருமுறைகூட யாரும் மாற்றவில்லை. மழைநீர் ஒழுகியது, குழாய்கள் கெட்டன, கட்டடத்தில் இருந்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உடலைக் கெடுக்கும் என்ற அச்சம் வந்தது; 2022 ஏப்ரலில் இடிக்கத் தொடங்கினார்கள். எடுத்துக் காப்பாற்றப்பட்டவை 23 அறைகள் மட்டுமே. இப்படி இல்லாமற்போன ஒரு கட்டடத்தில் மக்கள் இன்றும் வசிப்பதாகச் சொல்லி, அதைச் சலவை இயந்திரத்தோடு ஒப்பிட்டுச் சிரிக்கச் சொல்கிறார்கள். அது ஏன் அழிந்தது என்பதல்லவா ஒரு குழந்தை தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி?

செக் நாட்டின் தலைநகர் பிராகாவின் ஆற்றங்கரையில் உள்ள ‘நடனமாடும் வீடு’ குடித்துவிட்டுத் தள்ளாடும் கட்டடமாம். அந்த மூலையில் இருந்த பழைய வீடு 1945 பிப்ரவரியில் அமெரிக்கக் குண்டுவீச்சில் அழிந்து, இடம் பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து வீடு வாக்லாவ் ஹாவெலின் குடும்பத்துக்குரியது. அவர் பின்னாளில் நாட்டின் அதிபரானார். அந்த வெற்றிடத்தில் என்ன எழுப்பலாம் என்று அவரோடு சேர்ந்து யோசித்தவர் விளாதோ மிலுனிச் என்ற கட்டடக்கலைஞர். அசையாமல் நிற்கும் ஒரு பகுதியும் அசைவோடு எழும் ஒரு பகுதியும் எதிரெதிரே நின்று பேசுவது போன்ற எண்ணம் அவருடையது. பிறகுதான் அமெரிக்காவின் பிராங்க் கெரி வந்து சேர்ந்தார், 1996இல் கட்டடம் முடிந்தது. பெயர் போடுகிற ஓரிருவர்கூடக் கெரியின் பெயரை மட்டும் போட்டுவிட்டு மிலுனிச்சை விட்டுவிடுகிறார்கள். குண்டு விழுந்த இடத்தில் ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடுவது போல ஒரு வீட்டை எழுப்பியவர்களுக்கு நாம் தரும் மரியாதை, குடிகாரனோடு ஓர் ஒப்பீடு.

எல்லாவற்றையும்விட என் நெஞ்சைச் சுட்டது ஒன்பதாவது படம். ‘காட்டுக்குள் மறைந்திருந்த பழங்காலக் கோயில்’ என்று அதன் கீழே இருந்தது. அது காடும் அல்ல, கோயிலும் அல்ல, பழங்காலமும் அல்ல. பிரான்சின் தென்கிழக்கில் ஓத்ரீவ் என்ற சிற்றூரில் ஃபெர்தினான் செவால் என்ற தபால்காரர் தனியாளாகக் கட்டிய மாளிகை அது. 1879இல் தபால் கொடுக்கப் போகும் வழியில் ஒரு கல் அவருடைய காலை இடறியது. அதன் வடிவம் பிடித்துப்போய் எடுத்து வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 43. அன்றிலிருந்து நாள்தோறும் கிலோமீட்டர் கணக்கில் நடந்து கடிதங்களைக் கொடுத்துவிட்டு, வழியில் கிடைத்த கற்களை முதலில் சட்டைப் பையிலும், பிறகு கூடையிலும், கடைசியில் தள்ளுவண்டியிலும் கொண்டுவந்து, இரவில் விளக்கு வெளிச்சத்தில் சுண்ணாம்பும் சிமெண்டும் குழைத்துக் கட்டினார். கட்டடக்கலையோ கொத்து வேலையோ அவர் யாரிடமும் பயின்றதில்லை. 10,000 நாட்கள், 93,000 மணிநேரம், 33 ஆண்டுத் துன்பம் என்று அவரே சுவரில் பொறித்து வைத்திருக்கிறார். தன்னை அதற்குள்ளேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று விரும்பினார், அனுமதி கிடைக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர் ஊர் இடுகாட்டில் தம் கல்லறையையும் தாமே கட்டத் தொடங்கி, அதற்காக இன்னும் எட்டு ஆண்டுகள் உழைத்தார். 1969இல் பிரான்சின் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ அந்த மாளிகையை வரலாற்றுச் சின்னமாக்கினார். அப்படிப்பட்டவரின் உழைப்பைப் பெயர் தெரியாத பழங்காலத்தவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவது பச்சைத் திருட்டு. தெரியாமல் செய்தாலும் திருட்டுத்தான்.

வியட்நாமின் தாலாத் நகரில் பெரிய மரத்தைக் குடைந்தாற்போல் நிற்கும் விடுதியைக் கட்டிய தாங் வியெத் ங்கா, மாஸ்கோவில் கட்டடக்கலையில் முனைவர் பட்டம் பெற்ற பெண்மணி. படத்தின் கீழே இருந்ததோ ‘பைத்தியக்கார வீடு’ என்ற இரண்டே சொற்கள்.

வடிவம் புதிதாக இருந்தால் கைதட்ட வேண்டும் என்பது என் வாதம் அல்ல. லண்டனில் ‘வாக்கி டாக்கி’ என்று அழைக்கப்படும் உயரமான கட்டடத்தின் உட்குழிந்த கண்ணாடி முகப்பு 2013இல் வெயிலைக் குவித்துத் தெருவில் நின்ற காரின் பாகங்களை உருக்கியது. பிறகுதான் முகப்பில் வெயில் தடுப்புப் பொருத்தினார்கள். அந்தத் தவற்றைக் கண்டித்து எழுதினால் நானும் சேர்ந்து கண்டிப்பேன். ஆனால் கண்டிப்பதற்கும் பாராட்டுவதற்கும் முதலில் அது என்ன கட்டடம் என்று தெரிய வேண்டும். ‘சும்மா பார்த்து ரசிக்கத்தானே அனுப்பினோம், இதற்குப் போய் இவ்வளவு கோபமா?’ என்று குழுவில் கேட்கிறார்கள். ஊரும் ஆண்டும் கட்டியவர் பெயரும் சேர்த்து ஒரு வரி எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தைத் தர மனமில்லாதவர்கள் தயவுசெய்து அனுப்பாதீர்கள். அது உண்மையான கட்டடமா என்றே தெரியாவிட்டால் கட்டாயம் அனுப்பாதீர்கள். அதை நம்பி அட்டையில் ஒட்ட எங்கோ ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நானும் அண்ணன் மகளும் அந்த அட்டையைச் சரிசெய்தோம். பொய்யான மூன்று படங்களைக் கிழித்தெடுத்த இடங்களில் ஒன்றை அவளே தேடி நிரப்பினாள்: மாண்ட்ரியாலில் 1967ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காக மோஷே சாஃப்டி 354 கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ‘ஹாபிடாட் 67’. அதன் மூல எண்ணம் அவர் மாணவராக இருந்தபோது எழுதிய ஆய்வேட்டிலிருந்து வந்தது என்பதையும், கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டுக்குத் தோட்டமாகிறது என்பதையும் அவள் தன் கையால் கீழே எழுதினாள். மற்ற இரண்டு இடங்களும் வெறுமையாகவே பள்ளிக்குப் போயின.