பாசி அகேட்டில் இருப்பது பாசி அன்று

மாஸ் அகேட் (பாசி அகேட்) என்னும் அலங்காரக் கல்லுக்குள் தெரிவது கல்லாகிப்போன பாசி என்றும், தண்ணீர் பட்டால் அதன் பச்சை வெளுத்துவிடும் என்பதால் உலர்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டும் என்றும் சிலர் சொல்வது இரண்டுமே தவறு, பின்னது ஆபத்தும்கூட. பச்சை இழைகள் பெரும்பாலும் குளோரைட் போன்ற கனிமங்கள். உத்தரப் பிரதேசத்தின் பாந்தாவில், கேன் ஆற்றில் கிடைக்கும் ஷஜர் கல்லில் மரக்கிளைபோல் தெரிபவையும் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளே, செடிகள் அல்ல.

அகேட் என்பது சிலிக்கா என்னும் கனிமப் பொருளால் ஆன கல். அதை உலரத் தேய்க்கையில் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தேய்ப்பவர்களிடையே இது நன்கு பதிவான துயரம். ஆகவே அறுப்பது முதல் மேற்புறத்தைக் குவிந்த வடிவாக்கி மெருகேற்றுவது வரை தேய்ப்புச் சக்கரத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். முகக்கவசம் அதற்கு மாற்றாகாது. கல் சூடேறி விரிசல் விடுவதையும் அந்தத் தண்ணீரே தடுக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் கல்லை உலர விடலாம்: ஈரத்தில் கீறல் மறைந்துவிடுவதால், 600 கிரிட்டிலிருந்து (தேய்ப்புப் பரப்பின் நுண்மையைக் குறிக்கும் எண்; எண் கூடினால் நுண்மையும் கூடும்) 1200-க்குப் போகுமுன் துடைத்து உலர்த்தி, விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அங்கே விட்ட கீறலை எவ்வளவு சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுத்தூள் போட்டுத் தேய்த்தாலும் போக்க முடியாது.