பத்துக்குப் பத்து, பத்துக்கு ஒன்று

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு குரோஷியப் படம் பார்த்தேன். ‘டயானா புடிசவ்லியெவிச்சின் நாட்குறிப்பு’, 2019இல் வந்தது, ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முடிந்ததும் பேசாமல் படுத்திருக்கலாம். பழக்கதோஷம், மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மணி மூன்று.

முதலில் கதை. 1941 ஏப்ரலில் ஹிட்லரின் படை யூகோஸ்லாவியாவுக்குள் புகுந்ததும், குரோஷியாவின் ஜாக்ரெப் நகரத்தில் உஸ்தாஷாக்கள் என்கிற குரோஷிய இனவெறிக் கூட்டத்தார் ஆட்சிக்கு வந்தார்கள். செர்பியர், யூதர், ரோமா மக்களைப் பிடித்து முகாம்களில் அடைத்துக் கொன்ற ஆட்சி அது. டயானா ஆஸ்திரியாக்காரர், இன்ஸ்ப்ரக்கில் பிறந்தவர். கணவர் யூலியே ஜாக்ரெப்பில் பேர்பெற்ற அறுவைசிகிச்சை மருத்துவர், ஆனால் செர்பியர். அந்த வருஷம் அக்டோபரில், லோபர்கிராட் முகாமில் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று டயானாவுக்குத் தெரியவருகிறது. தெரிந்தவர்களிடம் துணிமணியும் சாப்பாடும் திரட்டி அனுப்பத் தொடங்குகிறார். ஐம்பது வயதுப் பெண்மணி, வசதியான வீடு, இரண்டு மகள்கள். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்வதாகத்தான் அக்கம்பக்கத்தில் பேசியிருப்பார்கள்.

1942 கோடையில் போஸ்னியாவின் கோசாரா மலைப்பக்கத்து ஊர்களைக் காலி செய்து மக்களை முகாம்களுக்கு ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். டயானா செஞ்சிலுவைச் சங்கச் செவிலியர்களோடு ஸ்டாரா கிராடிஷ்கா முகாமுக்கே போய்க் குழந்தைகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வருகிறார். முகாம்களை நடத்திய லுபுரிச், ‘உங்களையும் இங்கேயே வைத்துக்கொள்ள முடியும்’ என்ற பாணியில் அவரை மிரட்டியிருக்கிறான். போர் முடிவதற்குள் அவர் முயற்சியில் வெளியே வந்த பிள்ளைகள் 15,000 பேருக்கு மேல். அதில் சுமார் 12,000 பேர் பிழைத்தார்கள். மற்றவர்கள் வழியிலும் ஆஸ்பத்திரியிலும் இறந்துபோனார்கள். தன்னுடைய ஆள்கள் அவர்கள் என்று சொல்லிக்கொள்ள டயானாவுக்கு எந்தக் காரணமும் கிடையாது. வீட்டுக்காரரின் ஜாதிசனம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இனி, பார்வையாளர்கள். குரோஷியாவின் புலா நகரத்தில் ரோமானியர் கட்டிய திறந்தவெளி அரங்கில் வருஷாவருஷம் படவிழா நடக்கும். 2019இல் அங்கே சிறந்த படத்துக்கான பெரிய விருதும் இதற்குத்தான், பார்வையாளர் விருதும் இதற்குத்தான். நடுவர்களும் ஜனங்களும் ஒரே படத்தைக் கைகாட்டுவது லேசில் நடக்காது. அப்புறம் ஆஸ்கருக்கு எதை அனுப்பினார்கள் என்று பார்த்தால், வேறு ஒரு படம்! அந்த வயிற்றெரிச்சலே தனிக் கதை.

நான் படித்த கருத்துகளில் பாதிக்குமேல் படத்தைப் பற்றியவையே அல்ல. ஒரு கூட்டம் ‘உஸ்தாஷா செய்த அட்டூழியத்தைக் காட்டவே இல்லை, பூசி மெழுகிவிட்டார்கள்’ என்கிறது. இன்னொரு கூட்டம் ‘இதை எத்தனை தடவைதான் கிளறுவீர்கள், 1945இல் கம்யூனிஸ்டுகள் கொன்றதைப் பற்றி எப்போது எடுப்பீர்கள்’ என்கிறது. இரண்டு பேரும் இல்லாத படத்துக்கு மார்க் போடுகிறார்கள். முதல் கூட்டத்தின் கோபமாவது எனக்குப் புரிகிறது. உஸ்தாஷாக்களின் மிகப்பெரிய முகாமான யாசெனோவாட்ஸ் நினைவிடத்தின் பெயர்ப் பட்டியலில் 83,145 பேர் இருக்கிறார்கள். அதில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 20,101. அது வெறும் வேலை முகாம்தான் என்று இன்றைக்கும் கூசாமல் சொல்கிற ஆள்கள் அந்த நாட்டில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ரத்தத்தைக் காட்டாமல் ஒரு படம் எடுத்தால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் ரத்தத்தைக் காட்டினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்துவிட்டது. அதே முகாமைப் பற்றி ‘தாரா’ என்கிற சிறுமியை வைத்து அடுத்த வருஷமே செர்பியாவில் ஒரு படம் எடுத்தார்கள். அதிலும் டயானா வருகிறார். அமெரிக்க விமர்சகர்கள் சிலர் அதைப் பிரசாரப் படம் என்று சாத்தியதும் இணையத்தில் ஓட்டுச் சண்டை சூடு பிடித்தது. ஒரு பக்கம் பத்துக்குப் பத்தாகக் குத்தித் தள்ள, மறுபக்கம் பத்துக்கு ஒன்று. நடுவில் ஆறு, ஏழு போடுகிற மனிதப்பிறவியைக் காண்பதே அரிதாக இருந்தது.

சரி, குரோஷியர்கள் தங்கள் ஆள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பத்து போடுவார்களா? அதுவும் இல்லை, இதுதான் எனக்குப் பிடித்த இடம். அதே 2019 புலா விழாவைத் தொடங்கி வைத்த படம் ‘ஜெனரல்’. 1990களில் யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில் பேர்பெற்ற குரோஷியத் தளபதி அன்டே கோட்டோவினாவின் வாழ்க்கை. ஹேக் போர்க்குற்ற நீதிமன்றம் 2011இல் அவருக்கு 24 வருஷம் தண்டனை கொடுத்து, 2012இல் மேல்முறையீட்டில் விடுதலை செய்தது. ஊருக்குத் திரும்பியபோது ஜனக்கூட்டம் அலைமோதியது. நடித்தவர் ஹாலிவுட் வரை போன கோரான் விஷ்ணிச். இவ்வளவு இருந்தும் படம் மண்ணைக் கவ்வியது. தளபதியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களே படத்தை வைத்துக் கேலி செய்தார்கள். இயக்குநர் அன்டுன் வர்டோல்யாக் ஒன்றும் வேலை தெரியாதவர் அல்ல. 1969இலேயே ஹிட்லர் படையை எதிர்த்த பார்ட்டிசான் போராளிகளைப் பற்றி நல்ல படம் எடுத்த மனிதர். பக்தி முற்றிவிட்டால் கேமராவுக்குக் கண் மங்கிவிடும்போல.

எனக்கும் டயானா படத்தில் ஒரு குறை உண்டு. டயானாவாக நடித்த அல்மா பிரிட்சா அந்த இறுகிய முகத்தோடு ஒரு காட்சியைக் கட்டி எழுப்பிக்கொண்டே வருவார், சட்டென்று வெட்டி, உயிரோடு இருக்கிற அன்றைய குழந்தைகளை, இன்றைக்குக் கிழவர்களை, காட்டுவார்கள். அவர்கள் இருக்கவேண்டியதுதான். ஆனால் நடிப்புப் பகுதி மூச்சுவிட இடமே கொடுக்கவில்லை. ‘மெதுவாகப் போகிறது’ என்று சிலர் எழுதியதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொறுமை இல்லாதவர்கள் செய்தித் தொகுப்பு பார்க்கலாம்.

படத்தின் நடுவில் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். அங்கன்வாடியில் இருபத்தெட்டு வருஷம் பதிவேடு எழுதிய கை. டயானாவும் இன்னும் சிலரும் மேஜை நிறையக் கார்டுகளைப் பரப்பி வைத்து எழுதிக்கொண்டிருந்த காட்சி. ‘என்னடா, ரேஷன் கார்டா?’ என்றார். குழந்தைகளின் விவரம், பெற்றோர் திரும்பி வந்தால் கண்டுபிடித்துக் கொடுப்பதற்கு என்றேன். நின்றபடியே கொஞ்ச நேரம் பார்த்தார். ‘தன் பேரே சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்கு என்ன எழுதுவா?’

அதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான கேள்வி. கழுத்தில் பேர் எழுதி மாட்டிவிட்ட அட்டையைப் பசியில் தின்றுவிட்ட குழந்தைகள் உண்டு. அப்புறம் அந்தக் குழந்தை யார்? அங்க அடையாளம், எந்த ரயிலில் வந்தது, கூட யார் இருந்தார்கள் என்று கிடைத்ததை எல்லாம் வைத்துத்தான் கார்டு எழுதவேண்டும். அப்படிச் சேர்த்த கார்டுப் பெட்டிகளை 1945 மே மாதம் புதிய கம்யூனிஸ்ட் ஆட்சியின் ரகசியப் போலீஸ் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. டயானா அதற்குப் பிறகு வெளியே வாய் திறக்கவில்லை. 1978இல் இன்ஸ்ப்ரக்கில் இறந்தார். அவர் ஜெர்மனில் எழுதிய நாட்குறிப்பைப் பேத்தி மொழிபெயர்க்க, குரோஷிய அரசு ஆவணக்காப்பகம் 2003இல்தான் வெளியிட்டது.

அம்மா மீதிப் படத்தை உட்கார்ந்தே பார்த்தார். சப்டைட்டில் எதுவும் படிக்கவில்லை.

காலையில் ஆபீஸில் இதைச் சொன்னேன். கூட இருக்கிறவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ‘கடைசியில் அந்தம்மா செர்பியாவா, குரோஷியாவா?’ என்றான்.

ஆஸ்திரியா என்றேன்.